வோல்பேப்பர் வாக்கெடுப்பு

முப்பதாவது கையெழுத்துக்காரர் பேனாவின் மூடியைக் கழற்றினார். கழற்றியவர் எழுதவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தாளில் இருந்த மற்ற இருபத்தொன்பது பெயர்களையும் மேலிருந்து கீழாக வாசிக்கத் தொடங்கினார்.

எதிர்க் கதிரையில் இருந்த யோகலிங்கம் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பரமேஸ்வரனுடைய மச்சானும் கையெழுத்து வைச்சிருக்கிறார் போல,” என்றார் அவர்.

“ஓம், வைச்சிருக்கிறார். அதுக்கென்ன?”

“அப்ப இதிலை ஏதோ இருக்கு.” மூடி மறுபடியும் பேனாவில் ஏறியது. “குறை நினையாதேங்கோ. தேத்தண்ணியைக் குடியுங்கோ.”

யோகலிங்கம் குடித்தார். அன்றைக்கு அது அவருடைய ஏழாவது தேத்தண்ணி.

சந்தேகம் அவருக்குப் புதிதல்ல. அதுதான் அவருக்குச் சோறு போடுகிறது. தென் லண்டன் ரயில்களில் டிக்கட் பரிசோதிக்கிறவர் அவர். டிக்கட் இல்லாத ஆளைப் பெட்டியின் மறு தலைப்பிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் நோர்பரித் தமிழர் கல்விச் சங்கத்தில் அந்தத் திறமை செல்லுபடியாகவில்லை. அங்கே அறுபத்திரண்டு அங்கத்தவர்களும், எல்லாருமே ஆண்கள்தான், ஆளுக்கு ஆள் டிக்கட் பரிசோதகர்களாகவே இருந்தார்கள்.

சங்கம் அந்த 1992ஆம் ஆண்டு ஜனவரியில் இரண்டாக உடைந்தது. ஆண்டு விழாவில் குத்துவிளக்கின் முதல் திரியைத் தலைவர் டொக்டர் அருட்பிரகாசம் ஏற்றினார். இரண்டாவது திரி செயலாளர் பரமேஸ்வரனுக்கு என்று பேச்சு. டொக்டரோ மெழுகுதிரியைப் பிரதம விருந்தினருடைய சின்ன மாமனாரிடம் கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு பரமேஸ்வரன் தன் வீட்டில் கூட்டம் போட்டு டொக்டரைப் பதவி நீக்கினார். அதற்கடுத்த ஞாயிறு டொக்டர் தன் வீட்டில் கூட்டம் போட்டுப் பரமேஸ்வரனைப் பதவி நீக்கினார். இப்போது சங்கத்துக்கு இரண்டு தலைவர், இரண்டு செயலாளர், இரண்டு நிர்வாகசபை, ஒரே ஒரு ரப்பர் முத்திரை. அந்த முத்திரை எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

இதெல்லாம் போகட்டும். சங்கம் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் புத்தக அலுமாரியில் டொக்டர் பக்கம் ஒரு பூட்டுப் போட்டது. மறுவாரம் பரமேஸ்வரன் பக்கம் அதன்மேல் இன்னொரு பூட்டுப் போட்டது. ஒரு பக்கம் திறந்தால் மற்றப் பூட்டுத் திறக்காது. பெப்ரவரியிலிருந்து தொண்ணூற்று நாலு பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் படித்தார்கள். யோகலிங்கத்தின் மனைவி சந்திரவதனா, மூன்றாம் வகுப்பு ஆசிரியை, பாடங்களை நினைவிலிருந்து எழுதிக் கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுத்தாள்.

யாழ்ப்பாணத்தில் அவள் பயிற்றப்பட்ட ஆசிரியை. லண்டனில் அந்தச் சான்றிதழை ஒருவரும் மதிக்கவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை வீட்டிலிருந்து சட்டை தைத்தாள். சனிக்கிழமை காலையில் சேலை கட்டி, கைப்பையில் வெண்கட்டி வைத்துக்கொண்டு படியிறங்கும்போதுதான் அவளுடைய நடை மாறும். அந்த நடை யோகலிங்கத்துக்கு மிகவும் பிடிக்கும். அதை அவளிடம் சொன்னதில்லை.

மே மாதம் மண்டபப் பொறுப்பாளர் இசபெல் ஒரு கடிதம் கொடுத்தாள். அறுபது வயது தாண்டிய ஆங்கிலேய அம்மாள், அதிகம் பேசாதவள். ஜூன் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் ஒரே ஒரு நிர்வாகம் வந்து புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டும். இல்லாவிட்டால் மண்டபம் கராத்தே வகுப்புக்குப் போய்விடும்.

சந்திரவதனா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு தையல் மெஷினுக்கு முன்னால் போய் இருந்தாள், ஆனால் தைக்கவில்லை. அதைக் கண்டபிறகுதான் யோகலிங்கம் சங்கத்தின் யாப்பை, அதாவது விதிமுறைப் புத்தகத்தை, எடுத்து வாசிக்கத் தொடங்கினார்.

அந்த யாப்பை அதுவரை ஒருவரும் வாசித்திருக்கவில்லை, எழுதியவர் உட்பட. சங்கம் தொடங்கிய 1983இல் டொக்டர் அருட்பிரகாசம் தன்னிடம் மருந்துக்கு வரும் ஒருவரிடமிருந்து, புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் கழகம் ஒன்றின் யாப்பை வாங்கி, பெயரை மட்டும் மாற்றித் தட்டச்சுச் செய்வித்திருந்தார். ஒன்பதாம் பிரிவு, புல்தரையில் குதி உயர்ந்த சப்பாத்து அணியக்கூடாது என்றது. பதினோராம் பிரிவு, மழை நாளில் பந்துகளைத் துடைத்து வைக்கச் சொன்னது. பதினேழாம் பிரிவுக்கு வந்ததும் யோகலிங்கம் எழுந்து நின்றுவிட்டார். முப்பது அங்கத்தவர் கையெழுத்திட்டால் எந்தக் கேள்வியையும் அங்கத்தவர் அனைவரின் இரகசிய வாக்குக்கு விடலாம். அந்த முடிவு நிர்வாகசபையைக் கட்டுப்படுத்தும்.

“இஞ்சை பாரும்,” என்றார் மனைவியிடம். “தலைவரையும் கேக்கத் தேவையில்லை, செயலாளரையும் கேக்கத் தேவையில்லை. சும்மா வந்து கதிரையிலை இருந்திட்டுப் போற எங்களைத்தான் கேக்கவேணும் எண்டு எழுதியிருக்கு.”

“கேளுங்கோவன்,” என்றாள் சந்திரவதனா.

கேள்வியை அவரே எழுதினார்: இரண்டு நிர்வாகசபைகளும் விலகி, புதுத் தெரிவு நடத்தவேண்டுமா?

அந்தக் கேள்விக்குக் கையெழுத்து வாங்கப் போன இடத்தில்தான் முப்பதாவது ஆள் பேனாவை மூடினார். ஒருவர் பெயரை மற்றவர் பார்ப்பதுதான் கோளாறு என்று யோகலிங்கம் கண்டுபிடித்தார். மறுநாளே ஆளுக்கொரு தனித் தாள் கொண்டு போனார். இப்போது வேறு வருத்தம் வந்தது.

“ஏன் என்ரை பெயர் மட்டும் தனியாய்? மற்றவை ஆரும் வைக்கேல்லையோ?”

“வைச்சிருக்கினம். காட்டேலாது.”

“காட்டேலாது எண்டால்?”

தோர்ண்டன் ஹீத்தில் ஒரே வீட்டில் இருந்த ஐந்து கலியாணமாகாத அங்கத்தவர்கள், ஐந்து தாள்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பிறகு ஐந்து பேரும் ஐந்து அறைக்குப் போய்த் தனித்தனியே கையெழுத்திட்டு, மற்ற நாலு பேருக்கும் சொல்லவேண்டாம் என்று தனித்தனியே கேட்டுக்கொண்டார்கள்.

ஆனால் யோகலிங்கத்துக்கு ஒரு வழி பிடிபட்டது. வீட்டுக்கு வந்த மனிதரை வெறுங்கையோடு அனுப்ப நம்மவர்களுக்கு மனம் வராது. முதல் தேத்தண்ணியோடு எழும்பினால் கையெழுத்து இல்லை. இரண்டாவது தேத்தண்ணி வரைக்கும் அசையாமல் இருந்தால், அவரை எழுப்புவதற்காகவாவது கையெழுத்து வைத்தார்கள். நாற்பத்தேழு சேர்ந்தது.

நாற்பத்தேழாவது டொக்டர் அருட்பிரகாசமே. அவருடைய மனைவி தவநாயகி தேத்தண்ணியை வைத்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் உள்ளே போனாள். சங்கத்தின் ஒன்பது வருஷச் சரித்திரத்தில் அவள் பேசி ஒருவரும் கேட்டதில்லை. அவள் சுட்ட வடையைத் தின்னாதவரும் இல்லை.

“பரமேஸ்வரன் வைச்சிட்டாரோ?” என்று கேட்டார் டொக்டர்.

“அதைச் சொல்லக்கூடாது, டொக்டர்.”

“சொல்லாட்டில் வைச்சிட்டார் எண்டுதான் அர்த்தம். வெல்லலாம் எண்ட நினைப்பு. கொண்டாரும் பேனையை.”

பரமேஸ்வரனும் முதல்நாள் இதே மாதிரித்தான் வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை நீட்டும்போது, அவர் யோகலிங்கத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“அது சரி, நீர் ஆற்றை ஆள்?”

“நான் ஒருத்தற்றை ஆளுமில்லை.”

“அப்பிடிச் சொல்லுறவைக்குத்தான் பயப்பிடவேணும்,” என்றார் பரமேஸ்வரன்.

அடுத்தது வாக்குச்சீட்டு. இது பற்றிப் பேச மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். டொக்டர் பக்கம் மேடைப் பக்கமாகவும், பரமேஸ்வரன் பக்கம் வாசல் பக்கமாகவும் இருந்தார்கள். நடுவில் யோகலிங்கம். இரண்டு பக்கத்தையும் தெரியாதவள் என்ற ஒரே தகுதிக்காக இசபெல்லை வாக்கு எண்ணும் அதிகாரியாக்கினார்கள்.

“சீட்டுக்கு இலக்கம் போடுவம்,” என்றார் யோகலிங்கம்.

“இலக்கம் போட்டால் ஆர் எதுக்குப் போட்டது எண்டு தெரிஞ்சிடும்,” என்றார் கணேசலிங்கம். அவர் டொக்டரின் வலது கை.

“அப்ப போடாமல் விடுவம்.”

“போடாட்டில் ஃபோட்டோ கொப்பி அடிப்பினம்,” என்றார் இராஜேந்திரன். அவர் பரமேஸ்வரனின் வலது கை. “அங்காலை இருக்கிற ஆக்களிலை ஒராளின்ரை கந்தோரிலை மிஷின் இருக்கு. நான் பேர் சொல்லேல்லை.”

“நீர் சொல்லும் பார்ப்பம்,” என்று கணேசலிங்கம் எழும்பினார்.

“நான் ஏன் சொல்லவேணும்? எழும்பினவருக்குத் தெரியும்.”

கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. யோகலிங்கம் வீட்டுக்கு வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

“கொப்பி அடிக்க ஏலாத கடதாசி ஒண்டு வேணும்,” என்றார்.

சந்திரவதனா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்: “படிக்குக் கீழை அரை ரோல் வோல்பேப்பர் கிடக்கு. இந்த டிசைன் இப்ப ஒரு கடையிலையும் இல்லை.”

யோகலிங்கம் நிமிர்ந்து முன்னறைச் சுவரைப் பார்த்தார். கடும்பச்சைப் பின்னணியில், கோப்பி நிறத்தில், உள்ளங்கையளவு பூக்கள். வீட்டை வாங்கிய காலத்தில் ஒட்டியது. கடை மூடி ஏழு வருஷமாகிறது. ஒரு மிஷினாலும் இதைப் பிரதி பண்ண முடியாது. பின்புறம் வெள்ளை, அங்கே அடையாளம் போடலாம். ஓம் என்றால் சரி அடையாளம், இல்லை என்றால் பிழை அடையாளம். தன் மனைவிக்கு இப்படி ஒரு மூளையா என்று அவருக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த கூட்டத்தில் அதைத் தன்னுடைய யோசனையாகச் சொன்னார்.

அறுபத்திரண்டு அங்கத்தவருக்கு அறுபத்திரண்டு சீட்டு, எல்லார் கண்ணுக்கு முன்னாலும் வெட்டியாயிற்று.

“மிச்ச ரோல்?” என்று கேட்டார் கணேசலிங்கம்.

மிச்ச ரோலை உறையிலிட்டு, இரண்டு பக்கமும் ஒட்டி, இசபெல்லிடம் கொடுத்தார்கள். யோகலிங்கம் மூச்சு விட்டார். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் இராஜேந்திரன் கையை உயர்த்தினார்.

“ரோல் சரி. சுவர்?”

“சுவரோ?”

“உங்கட வீட்டுச் சுவரிலை இதே கடதாசிதானே ஒட்டியிருக்கு. வெந்நீர் ஆவி பிடிச்சால் உரிஞ்சு வரும். நான் உங்களைச் சொல்லேல்லை, அண்ணை. ஒரு கதைக்குச் சொல்லுறன்.”

முதல்தடவையாக இரண்டு பக்கமும் ஒரே திசையில் தலையாட்டின. யோகலிங்கத்துக்குக் காது சுட்டது. பதினோரு வருஷமாக ரயிலில் அவர் மற்றவர்களைப் பார்த்த பார்வையை, இப்போது அறுபது பேர் சேர்ந்து அவர்மேல் வைத்துப் பார்த்தார்கள்.

முடிவு இதுதான்: வாக்கெடுப்பு வரைக்கும் ஒரு வாரம், பக்கத்துக்கு ஒருவராக இரண்டு கண்காணிப்பாளர் யோகலிங்கம் வீட்டு முன்னறையில் இருந்து சுவரைக் காவல் காக்கவேண்டும். கணேசலிங்கமும் இராஜேந்திரனும். எந்த நேரம் என்று ஒரு கேள்வி வந்தது. பகலில் யோகலிங்கம் வேலைக்குப் போய்விடுவார். தனியே பெண் இருக்கும் வீட்டில் பிற ஆண்கள் போய் இருப்பது அழகில்லை.

“பின்னேரம் அஞ்சிலிருந்து ஒன்பது வரைக்கும் இருந்தால் காணும்,” என்றார் டொக்டர்.

“பகலிலை?”

“பகலிலை தங்கச்சி சந்திரவதனா வீட்டிலை நிக்கிறாதானே. பிறகென்ன பயம்?”

அதை இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்டது. யோகலிங்கத்துக்கும் அது நியாயமாகவே பட்டது.

முதல்நாள் இருவரும் சோபாவின் இரண்டு தலைப்பில் இருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. சுவரில் இருந்த பூக்களை எண்ணினார்கள். கணேசலிங்கத்துக்கு இருநூற்றுப் பதினாறு வந்தது; இராஜேந்திரனுக்கு இருநூற்றுப் பதினாலு. திரும்ப எண்ணினார்கள். கதவு மூலையில் இருந்த இரண்டு அரைப்பூவைப் பற்றி ஒன்பது மணி வரைக்கும் வழக்கு நடந்தது. கடைசியில் இருநூற்றுப் பதினைந்து என்று ஒத்துக்கொண்டு, ஒரு கொப்பியில் எழுதி இருவரும் ஒப்பமிட்டார்கள்.

“ஷோகேசுக்குப் பின்னாலையும் பூ இருக்குமே,” என்றார் யோகலிங்கம், நேர்மையாக.

மூவரும் ஷோகேசைப் பார்த்தார்கள். தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. உள்ளே ஒருநாளும் தேத்தண்ணி ஊற்றாத மூன்று தேத்தண்ணி செட், பீங்கான் அன்னங்கள், கலியாணப் படம், ஈபிள் கோபுரம்.

“அதை அசைக்க நாலு ஆம்பிளை வேணும்,” என்றார் இராஜேந்திரன். விஷயம் அதோடு முடிந்தது.

இரண்டாம் நாள் சந்திரவதனா ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் கட்லட். நாலாம் நாள் பின்னேரம் யோகலிங்கம் வேலையால் வர, அவருடைய சாய்கதிரையில் கணேசலிங்கம் காலை நீட்டி இருந்தார். டிவியில் என்ன பார்ப்பது என்பதை இராஜேந்திரன் முடிவு செய்துகொண்டிருந்தார். யோகலிங்கத்துக்கு அடுப்படி முக்காலிதான் மிச்சம். அங்கே இருந்தபடி அவர் இரண்டு பேரையும் சந்தேகித்தார். இவ்வளவு ரோல்ஸ் தின்கிறவர்கள் சும்மா தின்னமாட்டார்கள். கழிவறைக்கு எழும்பியவர் திரும்பி வர எத்தனை நிமிஷம் எடுக்கிறார் என்று மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்பது மணிக்கு அவர்கள் போகும்போது கோட்டைத் தான் எடுத்துக் கொடுப்பதாக வாங்கி, பைகளைத் தடவிப் பார்த்தார். ஒருநாள் கணேசலிங்கத்தின் பையில் ஏதோ மடிப்பாகத் தட்டுப்பட்டது. இழுத்தால், கடதாசியில் சுற்றிய கட்லட்.

“உமக்கு ஆரிலையாவது சந்தேகம் இருக்கோ?” என்று மனைவியிடம் கேட்டார்.

“எனக்கோ? எனக்கு ஒருத்தரிலையும் சந்தேகமில்லை. எல்லாரையும் வடிவாத் தெரியும்,” என்றாள் சந்திரவதனா. அவள் களைத்துப் போயிருந்தாள். பகல் முழுக்கச் சட்டை அளவு பார்க்க ஆட்கள் வந்தபடியாம். விழா ஒன்றும் இல்லாத மாதத்தில் இத்தனை பேருக்கு எதற்குச் சட்டை என்று யோகலிங்கம் கேட்டிருக்கலாம். அவருடைய கவனமெல்லாம் கோட்டுப் பைகளில் இருந்தது.

வெள்ளிக்கிழமை கடைசியாக எண்ணினார்கள். இருநூற்றுப் பதினைந்து பூ. ஒன்றும் குறையவில்லை.

ஜூன் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. பிள்ளைகள் ஒரு பக்கம் புத்தகமில்லாமல் “அறம்” என்று எழுதிக்கொண்டிருக்க, மறு பக்கம் பெரியவர்கள் வரிசையில் நின்றார்கள். வாக்குப்பெட்டி, மூடியில் கீறல் வெட்டிய பெரிய பிஸ்கட் டின். அதை எங்கே வைப்பது என்பதற்கு அரை மணி நேரம் போனது. இரகசியம் வேண்டும், மண்டபத்திலோ மறைப்பு இல்லை. கதவு மூடக்கூடிய இடம் சமையலறை ஒன்றுதான்.

“உள்ளுக்கு ஆரும் நிக்கினமோ?” என்று கணேசலிங்கம் வாசலில் நின்று கேட்டார்.

இராஜேந்திரன் எட்டிப் பார்த்தார். “ஒருத்தரும் இல்லை. பொம்பிளையள் வடை சுடுகினம்.”

டின்னை ஃபிரிஜ்ஜின் மேல் வைத்தார்கள். அங்கத்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பலர் வாக்கோடு ஒரு வடையையும் முடித்துக்கொண்டு வந்தார்கள். மூன்றரை மணிக்கு அறுபத்திரண்டாவது ஆள் வெளியே வந்ததும், இசபெல் டின்னைத் தூக்கி வந்து மேசையில் கொட்டினாள்.

கராத்தே வாத்தியார் அளவுநாடாவோடு வந்து, பின்சுவரை அளக்கத் தொடங்கியிருந்தார்.

இசபெல் எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள். பட்டியலைப் பார்த்தாள்.

“உங்கள் பட்டியலில் அறுபத்திரண்டு பேர்,” என்றாள். “இங்கே நூற்றுப் பத்தொன்பது சீட்டு இருக்கிறது. உங்களுடைய தேர்தல்களில் இது வழக்கமா?”

எல்லாரும் ஒன்றாகப் பேசத் தொடங்கினார்கள். டொக்டர் பக்கம் பரமேஸ்வரன் பக்கத்தைக் காட்டியது. பரமேஸ்வரன் பக்கம் டொக்டர் பக்கத்தைக் காட்டியது. இசபெல் சட்டை செய்யாமல் ஒரு சீட்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். மேசையில் வெள்ளைத்தூள் விழுந்தது.

“இது சுவர்ச் சுண்ணாம்பு.”

அவள் சீட்டுகளை இரண்டு குவியலாகப் பிரித்தாள். துப்பரவான சீட்டு அறுபத்திரண்டு. சுண்ணாம்பு ஒட்டிய சீட்டு ஐம்பத்தேழு.

“சுண்ணாம்புச் சீட்டைக் குப்பையிலை போடுங்கோ,” என்றார் பரமேஸ்வரன்.

“ஓம், போடுங்கோ,” என்றார் டொக்டர். ஜனவரிக்குப் பிறகு இருவரும் வாய் திறந்து ஒத்துப்போன முதல் விஷயம் அது.

இசபெல் துப்பரவான சீட்டுகளை எண்ணினாள். ஓம் முப்பத்தொன்று. இல்லை முப்பத்தொன்று.

மூன்று தரம் எண்ணினார்கள். முப்பத்தொன்றும் முப்பத்தொன்றும்தான். யாப்பைப் புரட்டினார்கள். சமநிலை வந்தால் காசைச் சுண்டிப் பார்க்கவேண்டும் என்று இருந்தது. சுண்டவேண்டியவர் தலைவர் என்றும் இருந்தது. எந்தத் தலைவர் என்று அதில் இல்லை.

“ஆறு மணிவரைதான்,” என்றாள் இசபெல், மணிக்கூட்டைப் பார்த்து. அவளுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. கராத்தே வாத்தியார் மேடையை அளந்தார்.

யோகலிங்கத்துக்குக் கண் கலங்கியது. இனிச் சனிக்கிழமைகளில் அந்தச் சேலையும் அந்த நடையும் இல்லை. தேத்தண்ணி தேத்தண்ணியாய்க் குடித்து, வீட்டைப் பொலிஸ் ஸ்டேஷனாக்கி, சாதாரண சனத்தின் கையில் கொடுத்த அதிகாரத்தை எவனோ ஒரு கள்ளன் சுவரோடு உரித்துக் கெடுத்துவிட்டான். அழுகையோடு கோபமும் வந்தது.

“வாங்கோ,” என்றார். “எல்லாரும் வாங்கோ என்ரை வீட்டை. இண்டைக்கு ஆள் ஆரெண்டு பிடிக்காமல் விடமாட்டன்.”

பத்து நிமிஷ நடைதான். முன்னால் யோகலிங்கம், பின்னால் இரண்டு நிர்வாகசபைகளும், அதன் பின்னால் யாப்பையும் ஒப்பந்தத்தையும் டின்னையும் தூக்கிக்கொண்டு இசபெல். கடைசியில் மிச்ச வடைத் தட்டுகளோடு பெண்கள். முன்னறை கொள்ளாமல் பாதிப் பேர் நடைபாதையில் நின்றார்கள். பெண்கள் வழக்கம்போல நேரே அடுப்படிக்குப் போய்க் கேத்திலை வைத்தார்கள்.

சுவரில் பூக்கள் இருநூற்றுப் பதினைந்தும் அப்படியே இருந்தன.

“ஷோகேஸ்,” என்றார் யோகலிங்கம்.

நாலு ஆண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார்கள். வழுக்கிக்கொண்டு வந்ததில் நாலு பேரும் விழப் பார்த்தார்கள். அதன் கால்களுக்குக் கீழே மடித்த சட்டைத் துணி வைத்திருந்தது. பின்னால், ஆளுயரத்துக்குச் சுவர் வெறுமையாக, சுண்ணாம்பு தெரிய நின்றது. உரித்த இடத்தின் ஓரங்கள் அடிமட்டம் பிடித்து வெட்டியதுபோல நேராக இருந்தன.

எல்லாரும் யோகலிங்கத்தைப் பார்த்தார்கள்.

“சத்தியமா நானில்லை,” என்றார் அவர். திரும்பிக் கணேசலிங்கத்தைப் பார்த்தார். இராஜேந்திரனைப் பார்த்தார். “நீங்கள் ரெண்டு பேரும்தானே ஒரு கிழமை இதுக்கு முன்னாலை இருந்தனீங்கள். ஆர் உரிச்சது? சொல்லுங்கோ. ஐம்பத்தேழு கள்ள வோட்டு. ஆற்றை வோட்டு அது?”

“எனக்கென்ன தெரியும்?” என்றார் கணேசலிங்கம். “நாங்கள் இருக்கேக்கை ஒரு குருவியும் வரேல்லை.”

“அப்ப நீங்கள் இல்லாத நேரம் ஆர் வந்தது?”

அடுப்படி வாசலில் சந்திரவதனா நின்றாள். யோகலிங்கம் ஒரு கிழமையாகப் பார்க்காத ஒரே ஆளை அப்போதுதான் பார்த்தார். அவளும் அவரை நேராகப் பார்த்தாள்.

அவளை விலக்கிக்கொண்டு டொக்டரின் மனைவி தவநாயகி தேத்தண்ணித் தட்டத்தோடு முன்னறைக்குள் வந்தாள். தட்டத்தை மேசையில், பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தன் புருஷனையும் பரமேஸ்வரனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சுண்ணாம்பு ஒட்டினது ஐம்பத்தேழும் பொம்பிளையள் எங்கட வோட்டு. உங்கட முப்பத்தொண்டும் முப்பத்தொண்டும் தங்களுக்குள்ளை அடிபட்டுச் செத்துப் போச்சு. இனி எங்கடயை எண்ணுங்கோ.”